தாடைக்குக் கீழே ஒரு வெளிச்சம்

மாபுலோ கிராமம், புலான்
டிசம்பர் 3, 1987

கிறிஸ்புலோ,

கோயில் நிவாரண லாரியின் டிரைவர் இதை மணிலாவில் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மூட்டைகளை இறக்கி முடிப்பதற்குள் எழுத வேண்டும்.

அடெலாவைக் காணவில்லை.

புயல் வந்தது வானொலியில் கேட்டிருப்பாய். காற்றைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்கள். எங்களைக் கொண்டுபோனது காற்று இல்லை, கடல். வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறியதும் அவளை முதுகோடு கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தென்னை ஒன்று எங்கள் மேல் சாய்ந்ததில் கட்டு அவிழ்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கூரை மிதந்து வந்தது. அவளை அதன்மேல் தூக்கிப் போட்டேன். நான் ஏறுவதற்குள் அடுத்த அலை. கூரை போய்விட்டது.

அவள் செத்துவிட்டாள் என்று நினைக்காதே. எதிர்வீட்டு பெர்னாபே தென்னை உச்சியில் தொற்றிக்கொண்டு பிழைத்தவர். விடிந்தபோது பாறைத் திட்டுக்கு அப்பால் ஒரு படகைப் பார்த்திருக்கிறார். "கூரை மேலேருந்து ஒரு சின்னப் புள்ளைய இழுத்துப் போட்டாங்க சல்வா. படகு நம்ம பக்கத்துது இல்ல. காத்து அவங்கள வெளிய தள்ளிக்கிட்டுப் போச்சு" என்றார். திக்காவாக இருக்கலாம், மஸ்பாத்தேயாக இருக்கலாம், சமாராகக்கூட இருக்கலாம். எத்தனை தீவு, எத்தனை துறை.

எங்கே போய் நின்றாலும் ஒரே கேள்வி. "போட்டோ இருக்கா?" வீடே இல்லை. இருந்த ஒரே போட்டோ வீட்டோடு போயிற்று. அதை எடுத்த புலான் ஸ்டூடியோவில் கூரைவரை சேறு. நான் வாயால் சொல்கிறேன்: அஞ்சு வயது, கறுப்பு முடி, மெலிந்த பிள்ளை. எழுதிக்கொள்கிறவர் தலையை நிமிர்த்தாமலே சொல்கிறார், "எல்லாப் புள்ளையும் அப்படித்தாம்மா."

நீ மபீனி தெருவில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவன் முகத்தையெல்லாம் வரைகிறாய். உன் மகள் முகத்தை வரைந்து அனுப்பு.

சல்வசியோன்


எர்மிட்டா, மணிலா
டிசம்பர் 9, 1987

சல்வா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். தாயெத்துக்கு அப்பால் பாலம் இல்லை என்று பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். லாரிக்காரர்களிடம் கெஞ்சினேன். "அரிசிக்கே எடமில்ல, ஆளு எங்க ஏத்துறது?" என்றார்கள். திரும்பி வந்தபோது கதவடியில் உன் கடிதம் கிடந்தது.

படம் இதோடு இருக்கிறது. ஒரே மூச்சில் வரைந்தேன். இடையில் தாளை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது, நனைந்துபோனதால்.

மே மாதத் திருவிழாவில் நீ அவளைப் போட்டோ எடுத்ததாக உன் தம்பி இங்கே வந்தபோது சொன்னான். ஒரு பிரதி அனுப்பு என்று எத்தனை கடிதம் எழுதினேன். அனுப்பியிருந்தால் இன்று அது என் சுவரில் நனையாமல் பத்திரமாக இருந்திருக்கும். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் என்னோடு மணிலாவுக்கு வந்திருந்தால்... வேண்டாம், இதை எழுத மாட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி கிளம்புகிறேன்.

புலோ


மாபுலோ
டிசம்பர் 15, 1987

கிறிஸ்புலோ,

நீ எழுதாமல் விட்டதையும் படித்தேன். மீதியை நான் எழுதுகிறேன். வந்திருந்தால் அவள் தொலைந்திருக்க மாட்டாள். சரி. போட்டோவை நான் வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. அதுவும் சரி. இப்போது என்ன செய்யப் போகிறாய், என்னை அடிக்கப் போகிறாயா? வரிசையில் நில். உனக்கு முன்னால் நானே நிற்கிறேன்.

உன் படத்தைப் பெர்னாபேயிடம் காட்டினேன். "யாரு கொழந்த இது?" என்று கேட்டார். அடெலாவை அவள் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த மனிதர். நீ விட்டுவிட்டுப் போன குழந்தையை வரைந்து அனுப்பியிருக்கிறாய், புலோ. இரண்டு வயதுப் பிள்ளை. உப்பின கன்னம், பொட்டு மூக்கு. அதன் பிறகு அவளுக்கு மூன்று வருஷம் ஆயிற்று என்று உன் பென்சிலுக்கு யாரும் சொல்லவில்லை.

அதோடு தட்டையாக இருக்கிறது. வெயிலில் பிளந்து காயப்போட்ட மீன் மாதிரி. அதைப் பார்த்து யாரும் ஒரு பிள்ளையைத் தேட முடியாது.

புயலுக்கு மூன்றாம் நாளே புலான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்கட்டுக்கும் போனேன். அங்கே கிடத்தியிருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் இல்லை. அதைப் பற்றி இனி கேட்காதே.

நீ வர வேண்டாம். இங்கே காய்ந்த தாள்கூட இல்லை. நாங்கள் எல்லோரும் கோயில் கூடத்தில் படுத்திருக்கிறோம். வந்தால் உன்னையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கேயே இருந்து அவள் முகத்தைச் சரியாகச் செய்.

நெற்றி அகலம். மூக்கு சின்னது. காது கொஞ்சம் வெளியே நிற்கும். இவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

சல்வசியோன்


எர்மிட்டா
டிசம்பர் 19, 1987

சல்வா,

மூக்கு சின்னது என்று எழுதாதே. இந்தத் தெருவில் எனக்கு முன்னால் உட்காருகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், தன் பிள்ளை மூக்கு சின்னது, கண் பெரியது என்று. அதை வைத்து எதுவும் வரைய முடியாது.

கொஞ்சம் பொறுத்துக் கேள். தாளில் மூக்கு என்று ஒன்று கிடையாது. மூக்குக்குக் கீழே விழுகிற நிழல்தான் உண்டு. அதைச் சரியான இடத்தில், சரியான கருமையில் வைத்தால் மூக்கு தானாக எழுந்து முன்னால் வரும். கோடு போட்டு மூக்கு வரைந்தால் அது தட்டில் கீறின மூக்கு. நான் அனுப்பியது அப்படிப்பட்டதுதான். எனக்கு அவள் முகத்தின் வடிவம் கொஞ்சம் தெரியும். அதில் நிழல் எங்கே உட்காரும் என்று தெரியாது. நிழல் தெரியாவிட்டால் எது மேடு, எது பள்ளம், எதுவும் தெரியாது.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அவளை எங்கே வைத்துப் பார்த்தாய்? எந்த நேரத்தில்? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? அப்போது முகத்தில் எது வெளுத்தது, எது கறுத்தது? எங்கே நிழல் கத்தி மாதிரி முடிந்தது, எங்கே தெரியாமல் கரைந்தது? எனக்கு அவள் அழகு வேண்டாம். வெயில் அவள்மேல் என்ன செய்தது என்று மட்டும் எழுது.

இங்கே சமூக நல அலுவலகத்தின் வாசலில் தினமும் நிற்கிறேன். தெற்கிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த பிள்ளைகளின் பெயர்களைப் படிக்கிறார்கள். அதில் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் போய்ப் பார்த்தேன். ஒருத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் நம் மகளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, சல்வா. தெற்றுப்பல் இருக்கிறதா என்று நர்ஸ் என்னைக் கேட்டார். பெற்ற தகப்பனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

எழுது.

புலோ


மாபுலோ
டிசம்பர் 27, 1987

புலோ,

அடெலாவுக்குத் தெற்றுப்பல் கிடையாது. விரலைப் பிடித்தவள் நம் பெண் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் கஞ்சி கொடுத்தார்கள். பிள்ளைகள் பாடின. நான் பின்புறம் போய் உன் கடிதத்தைப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. பிள்ளையைக் காணவில்லை, இவன் வெயிலைப் பற்றிக் கேட்கிறான் என்று. பிறகு கண்ணை மூடிப் பார்த்தேன்.

காலையில் வாசற்படியில் உட்கார வைத்து அவளுக்குத் தலை சீவுவேன். கிழக்கு இடதுபுறம். வெளிச்சம் அங்கேயிருந்து, தாழ்வாக வரும். நெற்றி முன்னால் தள்ளியிருக்கும். கரண்டியின் முதுகில் உட்காருகிற மாதிரி வெளிச்சம் அதன் உச்சியில் உட்காரும். வலது பொட்டில் ஒரு அமுங்கல் உண்டு, நாலு வயதில் வண்டியிலிருந்து விழுந்தது. காலையில் மட்டும் அதில் ஒரு பிலி மரத்துக் கொட்டை அளவுக்கு நிழல் கிடக்கும். மத்தியானம் தேடினால் இருக்காது.

கண்கள் உள்ளே போனவை. என் அப்பாவுக்கு இருந்த மாதிரி. உச்சி வெயிலில் புருவத்துக்குக் கீழே ஒரே இருட்டு, கண்ணே தெரியாது. வெளியே விளையாடுகிறவளைக் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். பார்க்கிறாளா என்று அப்போதும் தெரியாது. சாயங்காலம்தான் கண் வெளியே வரும்.

கன்னம் இப்போது உப்பலாக இல்லை, ஆனால் ஒட்டவும் இல்லை. வெளிச்சம் அதில் மெல்ல மெல்ல மங்கும். எங்கே மங்கி முடிந்தது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியாது.

மேலுதடு கொஞ்சம் முன்னால் நிற்கும். அதன் நிழல் கீழுதட்டின் மேல் விழும். அதனால் எப்போதும் எதையோ கேட்கப் போகிறவள் மாதிரி இருப்பாள். பெரும்பாலும் கேட்கவும் செய்வாள்.

சூரியன் அவளுக்குப் பின்னால் இருந்தால் காது இரண்டும் சிவப்பாக எரியும்.

இன்னொன்று. மூக்குக்குக் கீழே எல்லாம் நீதான். வாயின் ஓரம், தாடை, அந்த மோவாய்க் குழி. அந்தக் குழியில் எந்நேரமும் ஒரு சின்ன நிழல் இருக்கும். ஒரு நாள் அழுக்கு என்று நினைத்துத் துணியால் தேய்த்தேன். "வலிக்குதும்மா. விடு நானாய், அது என்னோடது" என்றாள். உன் மேல் எனக்குக் கோபம் வந்த நாட்களில் அந்தத் தாடையைப் பார்க்காமலே அவளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன்.

இதற்குமேல் எழுத முடியவில்லை. இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

சல்வா


எர்மிட்டா
ஜனவரி 5, 1988

சல்வா,

உன் கடிதத்தைப் பலகையின் மேல்பக்கம் குத்தி வைத்துக்கொண்டு வரைந்தேன்.

மூக்குக்குக் கீழே நான் என்றாய். அதனால் ஒரு கண்ணாடியைக் கடன் வாங்கி ஜன்னல் இடதுபுறம் வருகிற மாதிரி வைத்து, சவரம் செய்துகொண்டு, என் தாடையைப் பார்த்து வரைந்தேன். பக்கத்து இடத்தில் உட்காருகிற தாஸ்யோ தேடிக்கொண்டு வந்துவிட்டான். "என்னடா புலோ, கடைக்கு வராம கண்ணாடியில மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கே. பொண்ணு பாக்கப் போறியா?" என்றான். பலகையில் இருந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். வெளியே போய் எனக்கு இரண்டு ரொட்டி வாங்கி வந்தான். ஒன்றைத் தின்றேன். மற்றதன் உள்மாவைப் பிசைந்து, அதிகமான கருமையை ஒற்றி எடுக்க வைத்துக்கொண்டேன்.

என் வாய் ஓரத்துக் கோடுகளை எடுத்துவிட்டேன். எலும்பைச் சின்னதாக்கினேன். நெற்றிக்கு உன் அப்பாவை நினைவுபடுத்திக்கொண்டேன். கண்குழிகளுக்கு மிக மென்மையான பென்சிலை எடுத்து, நீ சொன்னபடி இருட்டாக்கினேன். பொட்டில் அந்த நிழலை வைத்ததும் தலை உருண்டையாகிவிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். தாளிலிருந்து ஒருத்தி வெளியே வந்துகொண்டிருந்தாள்.

இந்த முறை சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். யாரிடமாவது காட்டுவதற்கு முன் நீ தனியாகப் பார்.

புலோ


மாபுலோ
ஜனவரி 11, 1988

புலோ,

இறந்துபோன பிள்ளையை ஏன் அனுப்பினாய்?

ஆஸ்பத்திரிப் பின்கட்டில் இதைத்தான் பார்த்தேன். இதே கண். இதே மோவாய். உனக்கு அங்கே ஏதாவது செய்தி வந்ததா? என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு இப்படிச் சொல்கிறாயா? தெரிந்திருந்தால் எழுத்தில் எழுது. படமாகப் போட்டு அனுப்பாதே.

அவள்தான். அதை மறுக்க முடியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

சல்வா


எர்மிட்டா
ஜனவரி 16, 1988

சல்வா,

எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. அவள் மேல் ஆணையாக வரவில்லை. இதை முதலில் படித்துவிட்டு, உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டு, மீதியைப் படி.

உன் கடிதம் கிடைத்ததும் பலகையை ஓரமாக வைத்துவிட்டு வெளியே போனேன். இனி முடியாது என்று நினைத்தேன். கால் போன போக்கில் எர்மிட்டா கோயில் முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஞானோபதேச வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் அஞ்சு, ஆறு வயது. அவர்களையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒரு அம்மா வந்து முன்னால் நின்றாள். "என்னய்யா, எம்புள்ளைய அப்பிடி உத்துப் பாக்குறே? போலீஸக் கூப்புடட்டுமா?" என்றாள். பையில் இருந்த பழைய படத்தாள் ஒன்றை எடுத்துக் காட்டினேன். புயல் என்றேன். மகள் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் பெண்ணை என் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "பாத்துக்க. அசையாம இருப்பா" என்றாள்.

அப்போதுதான் கண்டேன். நான் பெரியவர்களையே வரைந்து பழகியவன். பெரியவர்கள் முகத்தில் எலும்பு மடங்குகிற இடத்தில் நிழல் வெட்டினாற்போல் முடியும். பிள்ளை முகத்தில் அப்படி எங்கேயும் முடிவதில்லை, மூக்குத் துவாரத்திலும் உதடுகள் சேருகிற கோட்டிலும் தவிர. வெளிச்சம் மெல்ல மெல்ல மங்குகிறது, எங்கே முடிந்தது என்று விரல் வைக்க முடியாது என்று நீ எழுதியிருந்தாய். அதைத்தான் நான் பலகையில் குத்தி வைத்துக்கொண்டு படிக்காமல் விட்டேன்.

கண் தெரியாது என்று எழுதியிருந்தாய். நான் குழியைக் கறுப்பால் நிரப்பினேன். எவ்வளவு இருட்டிலும் கண்ணில் ஒரு துளி தாளை வெள்ளையாக விட வேண்டும். அந்தத் துளி இல்லாவிட்டால் உள்ளே யாரும் இல்லை.

இன்னொன்று, நான் மறந்தே போனது. நிற்கிற பிள்ளைக்குத் தாடையின் அடியில் முழு இருட்டு இருக்காது. அவள் போட்டிருக்கும் சட்டையில் வெயில் பட்டு, மேலே எழும்பி, தாடைக்குக் கீழே ஒரு மெல்லிய வெளிச்சமாகத் தங்கும். கிடத்தி வைத்தவர்களுக்கு அது இருக்காது. நீ பின்கட்டில் பார்த்தது அதுதான், இல்லாமல் போன அந்த வெளிச்சம். அவள் அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. மஞ்சள் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது படம் இதோடு இருக்கிறது. இதுவும் இல்லை என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

புலோ


மாபுலோ
ஜனவரி 22, 1988

புலோ,

மஞ்சள் இல்லை, வெள்ளை. ஆனால் அவள்தான்.

பெர்னாபே பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "இங்க வா அடெலா" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது காதில் விழுந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். என்னால் அதை நிமிர்த்தி வைக்க முடியவில்லை. கவிழ்த்து வைத்திருக்கிறேன். கவிழ்த்து வைத்தால் அவளுக்கு மூச்சு முட்டுமோ என்று மறுபடி திருப்புகிறேன். எனக்குப் புத்தி கெட்டுக்கொண்டு வருகிறது, புலோ.

கேள், வேறொரு கஷ்டம். பங்குச் சாமியார் இதை எல்லாத் துறைகளுக்கும் அனுப்ப, புலானில் நகல் எடுக்கும் மெஷினில் போட்டார். மெஷின் நிழலைத் தின்றுவிட்டது. கன்னத்து நிழல் அடியோடு காணோம், வெறும் வெள்ளை. கண்ணும் மூக்கும் கரிப்பொட்டாய் நிற்கின்றன. திரும்பத் திரும்ப எடுத்தோம். சிலதில் முகமே கறுத்துப்போய் வந்தது. அது எந்தப் பிள்ளையும் இல்லை.

சாமியார் சொல்கிறார், "இருக்கறது ஒரே படம். எந்தத் தீவுக்கு அனுப்பலாம், நீயே சொல்லும்மா." நான் எதைச் சொல்ல? திக்காவ் என்றால் மஸ்பாத்தே விட்டுப்போகும். மஸ்பாத்தே என்றால் சமார். நான் தப்பாகக் கை காட்டினால் மறுபடியும் அவளை நானே தள்ளிவிட்டது போல் ஆகும். ஒரு முறை கூரையின் மேல் போட்டது போதாதா?

சீக்கிரம் ஏதாவது செய்.

சல்வா


எர்மிட்டா
ஜனவரி 27, 1988

சல்வா,

நீ எந்தத் தீவையும் காட்ட வேண்டாம். எல்லாத் தீவுக்கும் அனுப்புகிறேன்.

மெஷினுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்புத் தெரியும், வெள்ளை தெரியும். அதனால் நிழலைத் தேய்த்துப் பூசக் கூடாது, கோடுகளால் நெய்ய வேண்டும். எங்கே லேசான நிழலோ அங்கே கோடுகள் தள்ளித் தள்ளி. எங்கே கருமையோ அங்கே நெருக்கி, குறுக்கே இன்னொரு வரிசை. கூரான கடின பென்சிலால் ஒவ்வொரு கோட்டையும் அழுத்திப் போட்டேன். கன்னம் வளைகிற பக்கம் கோடும் வளைய வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் கோடுகள் மறைந்து நிழல் மட்டும் நிற்கும். இங்கே ஒரு கடையில் நகல் எடுத்துப் பார்த்துவிட்டேன். முகம் நிற்கிறது. தாடைக்குக் கீழே அந்த வெளிச்சமும் நிற்கிறது. உன் பெயரும் ஊரும் அடியில் எழுதியிருக்கிறேன்.

இருந்தாலும் மனம் ஆறவில்லை. நகலை விடக் கையால் வரைந்தது பெரிய துறைகளில் இருக்கட்டும் என்று வரைய ஆரம்பித்தேன். தாஸ்யோ பார்த்தான். "தள்ளி உக்காரு" என்று தன் முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். பிறகு தெருவில் உள்ள மற்றவர்களும் வந்துவிட்டார்கள். மபீனி தெரு நடைபாதை முழுக்க நம் மகளை வரைந்தார்கள், சல்வா. ஒரு வெளிநாட்டுக்காரர் நின்று, எல்லோரும் ஒரே முகத்தை வரைகிறீர்களே, யார் இந்தப் பெண் என்று கேட்டார். யாரும் நிமிரவில்லை.

துறைமுகத்துக்குப் போய், தெற்கே போகும் கப்பல் ஒவ்வொன்றிலும் ஏறி, சமையல்காரர், டிக்கெட் கிழிப்பவர் என்று கையில் கிடைத்தவரிடம் கொடுத்தேன். உனக்கும் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று சொல்லவா? அவள் முகம் எனக்கு இப்போது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். மூன்று வருஷம் தெரியாமல் இருந்த முகம். இனி அவள் கிடைக்காமல் போனால், யாரை இழந்தேன் என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

புலோ


எர்மிட்டா
பிப்ரவரி 12, 1988

சல்வா,

உன்னிடமிருந்து எதுவும் இல்லை. கட்டு வந்து சேர்ந்ததா? கோயிலுக்குத் தந்தி கொடுத்தேன். அதற்கும் பதில் இல்லை. கப்பல்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். "ஒட்டிட்டோம் புலோ, எல்லா எடத்துலயும் ஒட்டிட்டோம்" என்கிறார்கள். பிறகு வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

நேற்று ஒருவர் தன் மனைவியை வரையச் சொல்லி எதிரில் உட்கார வைத்தார். வரைந்து முடித்துக் கொடுத்தேன். அவர்கள் இரண்டு பேரும் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நெற்றி அடெலாவுடையது. கண்ணும் அடெலாவுடையது. மன்னிப்புக் கேட்டுத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

இறந்துவிட்டாள் என்று தெரிந்தால் அதையாவது எழுது. நான் தாங்கிக்கொள்வேன். தாங்காவிட்டாலும் எழுது.

புலோ


மாபுலோ
பிப்ரவரி 20, 1988

புலோ,

அவள் என் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். தலையை அசைக்காமல் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். துறை துறையாகப் படம் ஒட்டப் போய்க்கொண்டிருந்தேன், அதில் உன் கட்டுக்கும் தந்திக்கும் பதில் எழுதவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு படகு வந்தது. ஒரு பெண் இறங்கினாள். அவள் இடுப்பில் மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை. நான் வலை பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துவிட்டேன். எலும்பும் தோலுமாக, கன்னம் ஒட்டி, யார் பிள்ளையோ என்று. உன் படத்திலிருந்த பெண்ணையே பார்த்துப் பார்த்து எனக்கு இவளைத் தெரியவில்லை. பிறகு அந்தப் பிள்ளை வெயிலுக்குக் கண்ணை இடுக்கியது. புருவத்துக்குக் கீழே ஒரே இருட்டு. நான் எழுந்து ஓடினேன் என்று சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் பெலீசா, திக்காவ்காரி. என்னைவிட மூத்தவள், மனாய் என்று கூப்பிடுகிறேன். கூரையிலிருந்து அடெலாவை இழுத்தது அவள் புருஷன். அந்தப் புயலிலேயே அவர்களுடைய மகள் தினாய் போய்விட்டாள், ஆறு வயது. அவன் கடலிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் தன் பிள்ளை இல்லை, படகில் வேறு ஒரு பிள்ளை. அடெலாவுக்குக் கடும் காய்ச்சல், வாரக்கணக்கில் பேச்சில்லை. பெலீசா அவளுக்கு முடி மழித்து, மூலிகை அரைத்துப் போட்டு, வாயில் கஞ்சி விட்டுப் பிழைக்க வைத்திருக்கிறாள்.

உன் படம் அவர்கள் துறையில் ஒட்டிய முதல் நாளே அவள் பார்த்துவிட்டாள். யாரும் பார்க்காத நேரத்தில் உரித்து எடுத்துப் போய்விட்டாள். என்னிடம் அவளே சொன்னாள், முகத்தைத் திருப்பாமல். "கடலு எம்புள்ளைய எடுத்துக்கிச்சு, அதுவே வேற ஒண்ணக் குடுத்துச்சு, கணக்குச் சரியாப் போச்சுன்னு வெச்சிருந்தேன். அந்தப் படத்த எரிக்கத்தான் எடுத்தேன் சல்வா. அடுப்புக்கிட்ட கொண்டு போனா அது என்னையப் பாத்துச்சு. வெறும் தாளா இருந்தா எரிச்சிருப்பேன். தாளா இல்லியே அது." பாய்க்கு அடியில் வைத்திருக்கிறாள். புருஷன் கண்டுபிடித்துச் சத்தம் போட்டிருக்கிறான். கடைசியில் அவளேதான் கிளம்பினாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வர வேண்டும். அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அடெலா அவள் கழுத்தை விடாமல் அழுதாள். என்னிடம் வர மாட்டேன் என்றாள். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெலீசாதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையில் கொடுத்தாள். "போடி. இது ஒங்கம்மா. நான் வெறுமனே பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் நாள்தான் அடெலா என்னை நானாய் என்று கூப்பிட்டாள். உன் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள். "இந்தப் புள்ளையும் தொலைஞ்சு போச்சா நானாய்?" என்று கேட்டாள். கிடைத்துவிட்டாள் என்றேன். "யாரு கண்டுபுடிச்சா?" என்றாள். அதை நீ சொல்லிக்கொள்.

இப்போது ஒரு வேலை இருக்கிறது. பெலீசாவிடம் தினாய்க்குப் போட்டோ இல்லை. அவர்கள் வீடும் போய்விட்டது. அவள் எதையும் கேட்கவில்லை. உன் படத்தை மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, "எம்புள்ளைக்கு இப்பிடி ஒண்ணுகூட இல்ல" என்றாள். அதனால் படகு கிளம்புவதற்குள் நான் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். நீ என்னைக் கேட்டது மாதிரியே. மூக்கு சின்னது, கண் பெரிசு என்றுதான் ஆரம்பித்தாள். அது வேண்டாம் மனாய், அவளை எங்கே வைத்துப் பார்ப்பாய் என்று கேட்டேன்.

அடுப்படியில் என்றாள். விறகு ஊதுவது தினாயின் வேலை. குனிந்து ஊதும்போதுதான் அவள் முகத்தை அதிகம் பார்த்திருக்கிறாள். அதனால் வெளிச்சம் கீழேயிருந்து வருகிறது. மூக்கின் நிழல் மேல்நோக்கி ஏறும். கன்னம் இரண்டும் ஊதி உருண்டு, அடிப்பக்கம் வெளுத்திருக்கும். மேல்பக்கம் மங்கும். கண்ணிமை அடியில் பளிச்சென்று இருக்கும். நெற்றி இருட்டில் போய்விடும், முடி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது, ஊதும்போது அந்த இடைவெளியில் நெருப்பின் வெளிச்சம் உள்ளே போகும். இடது புருவத்தில் ஒரு தழும்பு, அங்கே மட்டும் முடி இல்லை. தாடை அகலம், அம்மா மாதிரி. பெலீசாவின் தாடையை நான் பார்த்து வைத்திருக்கிறேன், கேள், சொல்கிறேன். இதையெல்லாம் சொல்லும்போது அவள் அழவில்லை. அவசரமாகச் சொன்னாள், விட்டால் மறந்துபோகும் என்பது போல.

கீழேயிருந்து வரும் வெளிச்சம் உனக்குக் கஷ்டம் என்று தெரியும். பயமுறுத்துகிற முகமாகிவிடும் என்று முன்பு ஒரு தரம் நீயே சொல்லியிருக்கிறாய். அப்படி ஆகாமல் செய். தேய்க்க வேண்டிய இடத்தில் தேய்த்து, கண்ணில் அந்தத் துளியை விட்டு, நிதானமாகச் செய். பாலம் போட்டுவிட்டார்கள், பஸ் ஓடுகிறது.

தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா.

சல்வா